பூங்கோதையின் ஒருசந்தி

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தாரணியின் சுடிதார் நாடா இறுகியது.

உங்களுக்கும் எனக்கும் இது ஒரு செய்தியே இல்லை. நாடா என்றால் இறுகும்; தளர்த்திக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். தாரணிக்கு அப்படியில்லை. இரண்டு வருடமாக இறுகாத நாடா அது. அது இறுகுகிறதா என்று பார்த்துச் சொல்வதற்காகவே கோயம்புத்தூர் இதம் உயிரகத்தில் அவளுக்கு ஒரு மேசையும் நாற்காலியும் பெயர்ப்பலகையும் கொடுத்திருந்தார்கள். பலகையில் 'தர மேற்பார்வையாளர்' என்று இருக்கும். கேன்டீனில் 'வயித்துக்காரக்கா' என்றால்தான் தெரியும்.

அவள் எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்றாள். தொப்புளுக்குக் கீழே லேசான மேடு. விரலால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம். பழைய எதிரி வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான் என்று அவளுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது.

அந்த எதிரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்லூரி முடித்த வருடம் தொடங்கியது. சாப்பிட்ட அரை மணியில் வயிறு பலூன் மாதிரி ஊதும். மூன்று நாள் போகாது; நான்காம் நாள் போய்க்கொண்டே இருக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன், குழாய் விட்டுப் பார்ப்பது எல்லாம் ஆயிற்று. ஒன்றும் இல்லை என்றார்கள். ஒன்றும் இல்லாத இந்த வியாதிக்கு ஐ.பி.எஸ். என்று ஒரு பெயர் மட்டும் இருந்தது. மாமனாரிடம் சொன்னபோது மனிதர் அதைப் பரீட்சை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தார்.

காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை எந்தக் கடையில் கழிப்பறை சுத்தம், எந்த பெட்ரோல் பங்கில் சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். எடையும் ஏறியது. அது தனிக் கொடுமை. எடை குறைய வேண்டுமென்றால் சுண்டல், முளைகட்டிய பயறு, பச்சைக் காய்கறி தின்னச் சொல்வார்கள். தின்றால் வயிறு வெடிக்கும். வயிறு அடங்க வேண்டுமென்றால் வெறும் வெள்ளைச் சோறும் மோரும் பிஸ்கட்டும்தான். அதைத் தின்றால் எடை ஏறும். நடைப்பயிற்சிக்குப் போகலாமென்றால் பூங்காவில் கழிப்பறை பூட்டியிருக்கும். ஐம்பத்தெட்டு கிலோவில் கல்யாணம் ஆனவள் ஐந்து வருடத்தில் எழுபத்தாறு ஆனாள். அந்த எழுபத்தாறும் வயிற்றில்தான் இருப்பதுபோல எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

"என்ன தாரணி, விசேஷமா?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று அவள் ஒரு கட்டத்தில் எண்ணுவதை விட்டுவிட்டாள். குழந்தை வேண்டாமென்று அவர்கள் இருக்கவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். கடைசியில் ஒரு வளைகாப்பில் அது நடந்தது. கணவன் நிதினின் ஒன்றுவிட்ட அத்தை ஒருத்தி, உட்கார்ந்திருந்த தாரணியின் வயிற்றைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கர்ப்பிணி என்று நினைத்து, அவள் கன்னத்தில் சந்தனம் பூசிக் கையில் வளையலும் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மூன்றாவது வளையல் ஏறும்வரை தாரணிக்கு வாய் வரவில்லை. பிறகு, "நான் இல்லீங்க அத்தை," என்றாள். அன்று வீட்டுக்கு வந்து வளையல்களை உடைக்கவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அழுதாளே, அந்த அழுகைதான் அவளை இதம் உயிரகத்தின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

"தயிருக்கு உறை ஊத்துவீங்கல்ல?" என்று முதல் நாளே டாக்டர் மிதுனா கேட்டாள். அவளுக்குத் தாரணி வயதுதான் இருக்கும். "உறை நல்லா இருந்தா தயிர் நல்லா இருக்கும். உறை புளிச்சா தயிரும் புளிச்சிரும். உங்க குடல்ல இருக்கிற உறை கெட்டுப்போயிருக்கு. நாங்க நல்ல உறை தர்றோம்."

"எங்கிருந்து?"

"நல்ல குடல் உள்ள ஒரு மனுஷிகிட்டயிருந்து. நாப்பதாயிரம் பேரைச் சோதிச்சோம். ஒரே ஒரு அம்மா கிடைச்சாங்க. காங்கயம் பக்கம் ஒரு கிராமம். அவங்க குடல்ல இருக்கிற உயிரிங்க எந்த வயித்துலயும் சண்டை போடாம குடியேறுது. நாங்க அவங்களை ஊத்துன்னு சொல்லுவோம்."

"ஒரு தடவை வாங்கி, நீங்களே வளர்த்துக்கக் கூடாதா?"

"முயற்சி பண்ணாம இருப்பமா? கண்ணாடிக் குடுவையில ஒரு வாரந்தான் தாங்குது. வாராவாரம் புதுசா அவங்ககிட்டயே எடுக்கணும். அந்தக் குடல்ல என்ன இருக்கோ, எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலை."

அப்படித்தான் நடந்தது. புதன்கிழமை பூங்கோதையிடம் எடுப்பார்கள். வியாழன் காலை முதல் மாத்திரை தாரணிக்கு. சனிக்கிழமை பதினோராயிரம் வீடுகளுக்கு. நோயாளியாக வந்தவளை அவர்களே வேலைக்கு வைத்துக்கொண்டதற்குக் காரணம், ஆய்வகத்து இயந்திரம் கண்டுபிடிக்காத வித்தியாசத்தை அவள் வயிறு நாலு மணி நேரத்தில் கண்டுபிடித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் திரையில் 'சரி' என்றோ 'சரியில்லை' என்றோ அவள் தொட வேண்டும். இரண்டு வருடத்தில் எழுபத்தாறு அறுபத்தொன்றாகிவிட்டது. நூற்று நாலு வாரமும் சரி என்றே தொட்டிருக்கிறாள்.

நூற்று ஐந்தாவது வாரம்தான் இது.

*

வெள்ளிக்கிழமை காலை அவளே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஆய்வகத்தில் எண்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவேளை தன் வயிறுதான் பொய் சொல்கிறதோ என்று ஒரு நப்பாசை.

ஊர் முகப்பில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டிருந்தது. மூன்று கிளையாகப் பிரிந்த மரக்கம்பத்துக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டியிருந்தார்கள். பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை வழக்கமான சோதனைக்கு வந்தபோதும் இதைப் பார்த்தாள்தான். கம்பத்துக்கும் தன் நாடாவுக்கும் சம்பந்தம் இருக்குமென்று அப்போது தோன்றவில்லை.

பூங்கோதைக்கு நாற்பத்து மூன்று வயது. வாட்டசாட்டமான உடம்பு, ஓயாத வாய். எப்போது போனாலும் "வாங்க அம்மிணி" என்று வாசல்வரை வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள். இன்று அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இன்னைக்கு வெள்ளிக்கெழமையாச்சுங்களே?"

"சும்மா பார்க்கலாம்னு வந்தேங்க்கா. சாப்பிட்டீங்களா?"

"சாப்புட்டு போட்டோவும் அனுப்பிட்டனுங்களே. பாக்கலீங்களா?"

பார்த்திருந்தாள். ஒப்பந்தப்படி பூங்கோதைக்கு நாளைக்கு ஐந்து வேளை. ராகிக் களி, வேகவைத்த வாழைக்காய், அளந்த தயிர், எல்லாம் கம்பெனி அனுப்புவது. விரதம் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது, நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் போகக்கூடாது. ஒவ்வொரு வேளையும் தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு தாரணி கொண்டுவந்ததுதான். பூங்கோதையின் வயிற்றில் கருவி ஒட்டலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, பாவம் அந்த அம்மா, தட்டைப் படம் எடுத்தால் போதாதா என்று வாதாடி வாங்கிக் கொடுத்தவள் அவள். தட்டு படத்தில் விழும், சோறு வயிற்றில் விழுந்ததா என்பது விழாது. அவ்வளவு படித்தவளுக்கு இது மட்டும் அன்று உறைக்கவில்லை.

கொல்லைப்புறத்தில் இரண்டு ஆடுகள் ராகிக் களியை நக்கிக்கொண்டிருந்தன. கம்பெனி முத்திரை போட்ட தட்டு.

பூங்கோதை அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒருசந்தி இருக்கறனுங்க அம்மிணி. கம்பம் நட்ட அன்னையிலருந்து, இன்னையோட பதினோரு நாளு. ஒரு வேளை, அதுவும் பச்சரிசிக் கஞ்சிதானுங்க."

"பதினோரு நாளாவா? எதுக்குங்க்கா?"

"என்ற பொண்ணு கௌசிக்கு ஏழாம் மாசத்துலயே கொழந்தை பொறந்துருச்சுங்க. திருப்பூர் ஆஸ்பத்திரில, கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. ஆயிரத்து நூறு கிராமு. இதுக்கு முன்னாடி ரெண்டு போயிருச்சு அவளுக்கு. கம்பம் நட்ட அன்னைக்குத்தான் டாக்டரு கையை விரிச்சாரு. நான் ஆத்தா முன்னால நின்னு சொல்லிப்போட்டேன். பதினஞ்சு நாளும் ஒருசந்தி இருந்து கடைசி நாளு பூவோடு எடுக்கறேன், எனக்கு என்ற பேத்தியைக் குடுத்துருன்னு." நெருப்புச் சட்டியை ஏந்துவதுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காட்டினாள். "இன்னைக்கு ஆயிரத்து முந்நூறு கிராமுங்க! பால் குடிக்குதாமா. இன்னும் நாலே நாளு. செவ்வாக்கெழம பூவோடு, புதங்கெழம கம்பத்தைப் புடுங்கிருவாங்க. அப்புறமேலுக்கு நீங்க ஆறு வேளை போட்டாலும் திங்கறனுங்க."

தாரணி அந்த முத்திரைத் தட்டைப் பார்த்தாள். "இது பதினோராயிரம் பேர் வயிறுங்க்கா," என்றாள்.

"தெரியுமுங்க. ஒரு வாரம் அவுங்களுக்குக் கொஞ்சம் வயிறு உப்பும். இது ஒரு உசிருங்களே."

சொல்லிவிட்டுத் தாரணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க சொன்னாத்தானே தெரியும். சொல்லாதீங்க அம்மிணி."

கை சில்லென்று இருந்தது.

*

திரும்பி வரும் வழியெல்லாம் தாரணி தன்னோடு பேசிக்கொண்டே வந்தாள். ஒரு வாரம்தானே என்றது ஒரு மனது. ஒரு வாரத்தில் என்னென்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா என்றது இன்னொன்று. பரீட்சை எழுதப் போகிற பிள்ளை, லாரி ஓட்டுகிறவன், முதல் நாள் வேலைக்குப் போகிறவள் எல்லோரும் அந்தப் பதினோராயிரத்தில் இருக்கிறார்கள். பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது என்றால் என்னவென்று இவர்களில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நியாயமான காரணங்கள்தான். ஒன்றுகூடப் பொய்யில்லை.

ஆனால் திருச்சி ரோட்டில் சிக்னலில் நின்றபோது அவள் கை எங்கே இருந்தது என்றால், தன் வயிற்றின் மேல். ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழா. அந்த அத்தையும் வருவாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவைக்கு அறுபத்தொரு கிலோவுக்கு ஜாக்கெட் தைத்து வைத்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பதினோராயிரம் பேரையும் அவள் அந்த ஜாக்கெட்டுக்குப் பின்னால்தான் நிறுத்திவைத்திருந்தாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது 'சரியில்லை' என்று தொட்டாள். 'காரணம்' என்ற கட்டத்தில் 'ஊற்று விரதம் இருக்கிறார்' என்று எழுதினாள்.

சனிக்கிழமை விடியக் கம்பெனி வேன் காங்கயம் போனது. யாரும் அதட்டவில்லை, மிரட்டவில்லை. ஒப்பந்தத்தை நயமாகப் படித்துக் காட்டி, ஒரு மாதம் தங்கி உடம்பைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, பூங்கோதையைக் கோவையில் 'ஊற்று இல்லம்' என்ற குளிரூட்டிய கட்டடத்துக்குக் கூட்டிவந்தார்கள். அந்த வாரம் எல்லோருக்கும் முந்தின வாரத்து மிச்ச உறையில் இன்னும் சாகாமல் கிடந்ததிலிருந்து பாதி அளவு மாத்திரை போயிற்று. தாரணிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

புதுமனை விழாவில் யாரும் விசேஷமா என்று கேட்கவில்லை. வளையல் போட்ட அத்தை அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னடி இப்படி இளைச்சுட்ட? சுகர் கிகர் இருக்கா?" என்றாள். நிதின் சிரித்தான். தாரணியும் சிரித்தாள். பந்தியில் உட்கார்ந்தபோது பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சோதனைக்கு இல்லத்துக்குப் போனாள். பூங்கோதை மேசை முன்னால் உட்கார்ந்து, கேமரா பார்த்துக்கொண்டிருக்க, ராகிக் களியை உருட்டி உருட்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். தாரணியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையைப் பிடிக்கவில்லை.

"சாப்பிடறீங்களாங்க்கா?"

"சாப்புடறனுங்க மேடம்."

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக மேடம். செவிட்டில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

"கௌசி குழந்தை?"

"நல்லாருக்குதாமுங்க." பூங்கோதை ஜன்னல் பக்கம் திரும்பினாள். "இன்னைக்குப் பூவோடு. சட்டியை யாரு எடுப்பாங்க? நேந்துக்கிட்டவதான் எடுக்கோணும்."

தாரணி திரையில் 'ஐந்து வேளையும் உண்டார்' என்று குறித்துவிட்டு வந்தாள்.

*

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஐந்து வாரத்தில் இரண்டு கிலோவைத் தாண்டி வீட்டுக்குப் போயிற்று. அதைக் கேட்டதும் தாரணி ஆபீஸ் மாடிப்படியில் நின்று வாய்விட்டு அழுதாள். பழியிலிருந்து தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

ஆனால் பூங்கோதையின் வயிறு ஊதத் தொடங்கியது.

முதலில் சாப்பாடு மாற்றிப் பார்த்தார்கள். பிறகு கேமராவை எடுத்தார்கள். பிறகு ஊருக்கே அனுப்பிப் பார்த்தார்கள். மூன்று நாள் போகாது, நான்காம் நாள் போய்க்கொண்டே இருக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை. தாரணிக்கு மட்டும் அந்த ஒன்றும் இல்லாததன் முகம் நன்றாகத் தெரிந்திருந்தது.

"பயம்தான்," என்றாள் டாக்டர் மிதுனா. "குடலுக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு ரோடு இருக்கு. வேண்டுதலைப் பாதியில விட்டுட்டோம், அம்மன் ஏதாவது செஞ்சிருவாங்கன்னு அந்தம்மா ராத்திரி பகலா பயந்துட்டே இருந்திருக்காங்க. உயிரிங்க அந்தப் பயத்துல வாழ மாட்டேங்குது. ஊத்து வத்திப்போச்சு."

"அவங்ககிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். வருத்தமே இல்லை அவங்களுக்கு. கொழந்தைக்கு வரவேண்டியதை ஆத்தா எனக்குக் குடுத்துட்டா, அதுவரைக்கும் சந்தோஷம்ங்கறாங்க. இதுக்கு நான் என்ன மருந்து எழுதறது?"

மிதுனா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு வாரத்துல எல்லார் வயித்துலயும் இருக்கிறது அடங்கிரும், தாரணி. பழையபடி ஆயிருவாங்க. பதினோராயிரம் பேர்லயும் ஒரே ஒருத்தர் வயித்துல மட்டும் அந்த உறை சொந்தமா வேர் பிடிச்சிருக்கு. வாராவாரம் எல்லாருக்கும் முன்னாடி, இருக்கிறதுலயே புதுசா வாங்கிச் சாப்பிட்டவங்க."

தாரணிக்குப் புரிந்தது.

"நீங்க வேண்டாம்னும் சொல்லலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. ஒழுங்கா சாப்பிட்டா உங்க வயிறு இப்படியேதான் இருக்கும்."

"பூங்கோதையக்காவுக்கு மாத்திரை கொடுப்பீங்களா?"

"ஒப்பந்தத்திலேயே இருக்கு. பழைய ஊத்துக்கு ஆயுசுக்கும்."

தாரணி புது ஊற்றாகக் கையெழுத்துப் போட்டாள். பரிகாரம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஐந்து வேளை, விரதம் கூடாது, வெளிச்சாப்பாடு கூடாது, நாற்பது கிலோமீட்டர். தட்டுப் படம் போதும் என்ற ஏற்பாடும் அப்படியே இருந்தது. இரக்கப்பட்டு இன்னொருத்திக்கு வாங்கிக் கொடுத்தது தனக்கே உதவிற்று. அவளுடைய பழைய வேலைக்கு, வியாழக்கிழமை மாத்திரையை முதலில் சாப்பிட, வேறொருவரை வைத்தார்கள். யாரென்று ஊற்றுக்குச் சொல்வது விதியில் இல்லை.

*

ஐப்பசியில் உடுமலைப்பேட்டையில் அவள் அப்பா தவறிப்போனார்.

எழுபது கிலோமீட்டர். கம்பெனி அனுமதி கொடுத்தது. கூடவே சஞ்சனா என்ற பெண்ணையும், ஐந்து டப்பாக்களையும் அனுப்பியது. சஞ்சனா நல்ல பெண். பதினொரு மணிக்கு, கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்க, தாரணியின் காதருகே குனிந்து, "அக்கா, ரெண்டாவது வேளை," என்றாள்.

"எடுத்தப்புறம் சாப்பிடறேன்மா."

"எடுக்க மூணு மணி ஆகுமாம்க்கா. நான் என்ன எழுதறது?"

அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தாரணி நினைத்தாள். தன்னுடைய குரல்தான்.

காரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண்ணாடி கறுப்புதான், ஆனால் கதவு திறந்து மூடும்போது தங்கை வித்யா பார்த்துவிட்டாள். சாவு வீட்டில், பிணம் எடுக்கும்முன், பச்சைத் தண்ணீரைத் தவிர யாரும் வாயில் ஒன்றும் வைக்காத நேரத்தில், மூத்த மகள் டப்பாவைத் திறந்து வாழைக்காய் தின்கிறாள். வித்யா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"அப்பாவை எடுக்கறதுக்குள்ள உனக்கு என்னக்கா அவ்வளவு பசி?"

விளக்கம் சொல்லத் தாரணி வாயைத் திறந்தாள். வாயில் வாழைக்காய் இருந்தது.

கோவைக்கு வந்த பிறகு அவளால் சாப்பிட முடியவில்லை. வேண்டுதலும் இல்லை, விரதமும் இல்லை. தட்டைப் பார்த்தால் வித்யாவின் முகம் தெரிந்தது. ஐந்து வேளையும் தட்டைப் போட்டாள், படம் எடுத்தாள், அனுப்பினாள், மொட்டை மாடி உரத்தொட்டியில் கொட்டினாள். அவள் வீட்டில் ஆடு இல்லை. நிதினுக்கு மட்டும் தெரிந்தது.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, நண்பகல் போல போன் வந்தது. தெரியாத எண்.

"அம்மிணி, பூங்கோதை பேசறனுங்க."

தாரணி எழுந்து நின்றுவிட்டாள். அம்மிணி என்ற சொல்லைக் கேட்டு எட்டு மாதமாகியிருந்தது.

"நல்லாருக்கீங்களாங்க்கா? பேத்தி?"

"தவழறாளுங்க. அது கெடக்குது. அம்மிணி, நீங்க சரியாச் சாப்புடறதில்லீங்களா?"

"யார் சொன்னாங்க?"

"யாரு சொல்லோணும்? வியாழக்கெழம மாத்திரையை மொதல்ல எனக்குத்தானுங்க குடுக்கறாங்க. எந்த வயிறு கெட்டுப்போச்சோ அதுக்குத்தான் ருசி தெரியுமாமா. டாக்டரம்மா சொல்லுச்சு. காலைல ஏழு மணிக்கு முழுங்குனேன். இப்பப் பாத்தா சேலைக் கொசுவம் நிக்கமாட்டேங்குது. நீங்கதான்னு எனக்கு முந்தியே தெரியுமுங்க. உங்களைத் தவிர யாரு இருக்கறா?"

"அப்பா தவறிட்டாருங்க்கா," என்றாள் தாரணி.

போனில் பின்னால் குழந்தை ஏதோ தட்டைத் தட்டி விளையாடுவது கேட்டது.

"எத்தனை நாளாச்சுங்க?"

"ஒன்பது."

"அப்ப பதினாறு கும்பிடறது அடுத்த வியாழனாச்சு. அதுவரைக்கும் நீங்க இருக்கறபடி இருங்க அம்மிணி. நாளைக்கு ஆறு மணிக்குள்ள கேப்பாங்க. நான் சரின்னே தொட்டுப்போடறனுங்க."

"வேண்டாங்க்கா. பதினோராயிரம் பேரு..."

"ஒரு வாரம் வயிறு உப்பும். உப்பட்டும். அப்பன் ஒருத்தருதானுங்களே." பூங்கோதை லேசாகச் சிரித்தாள். "என்றதும்தான் ஊதிக் கெடக்குது. பேத்தி எடுத்தவளைப் பாத்து யாரு விசேஷமான்னு கேக்கப்போறாங்க? நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க. நீங்க அழுது முடிங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

தாரணி மேசை முன்னால் உட்கார்ந்தாள். மூன்றாம் வேளைத் தட்டு ஆறிப்போய் இருந்தது. காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில், தன்னால் கெட்ட ஒரு வயிறு தன்னால் ஊதிக்கொண்டிருக்கிறது. அந்த வயிற்றுக்காரி தன்னைப் பார்த்து அழுது முடி என்கிறாள். தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. நாலே நாள்தான் கேட்டாள்.

அவள் ராகிக் களியை எடுத்து ஒரு கவளம் உருட்டினாள். விழுங்க முடியவில்லை. தண்ணீர் குடித்து விழுங்கினாள். அடுத்ததை உருட்டினாள். மூக்கு ஒழுகியது, கண் ஒழுகியது, அவள் நிறுத்தவில்லை. தயிரையும் வாழைக்காயையும் வழித்துத் தின்று முடித்து, வெறும் தட்டோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

படம் எடுக்க மறந்துவிட்டது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.